அலெக்சாந்திரா மாளிகையில் இரு முறைகள்

இன்றைய நாளிலே தொலைக்காட்சிப் பெட்டியொன்று வாங்கும் எண்ணத்துடன் கடைக்குச் செல்பவர் முதலில் அடைவது திகைப்பே. எல்.சீ.டி. திரையே போதுமென்பர் ஒரு சாரார்; ஓலெட் திரையே சிறந்ததென்பர் மற்றொரு சாரார். ஒவ்வொரு வணிகப் பெயருக்கும் ஒவ்வொரு புகழுரை உண்டு. எதனைக் கொள்வது, எதனை விடுவது என்னும் இம்மயக்கம் நம் காலத்துக்கே உரியதென்று எண்ணுவது பொருந்தாது. 1936 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 2 ஆந் திகதி பிற்பகல் 3 மணிக்கு, இலண்டன் மாநகரின் வடபாலுள்ள குன்றின்மீது அமைந்த அலெக்சாந்திரா மாளிகையிலிருந்து பி.பி.ஸி. நிறுவனம் தன் தொலைக்காட்சிச் சேவையைத் தொடக்கிவைத்தபோது, தொடக்கவிழா ஒருமுறையன்று, இருமுறை நடைபெற்றது. அதே பேச்சாளர்கள் அதே உரைகளை முதலில் ஒரு கம்பனியின் கருவிகளுக்கு முன்னும், பின்னர் வேறொரு கம்பனியின் கருவிகளுக்கு முன்னும் நிகழ்த்தினர். எக்கம்பனி முந்துவது என்பதை நாணயஞ் சுண்டித் தீர்மானித்தனர். வென்றது பேயர்ட் கம்பனி. ஆயினும் மூன்று மாதங்கள் கழிந்தபோது அக்கம்பனியே அம்மாளிகையை விட்டு வெளியேற நேர்ந்தது.

ஒரு நாடு தனக்குரிய திரையைத் தேர்ந்துகொண்ட அந்த மூன்று மாதங்களை விளங்கிக்கொள்வதற்குச் சிறிது பின்னோக்கிச் செல்லவேண்டும்.

ஜோன் லோஜி பேயர்ட் என்பார் ஸ்கொத்லாந்திலே ஹெலன்ஸ்பரோ என்னுங் கடலோர ஊரில், 1888 இல், ஒரு கிறித்தவக் குருவின் மகனாகப் பிறந்தவர். இளமை தொட்டே நோயாளி. காலுறை விற்றார், திரினிடாட் தீவுக்குச் சென்று பழப்பாகு காய்ச்சினார், மீண்டுவந்து சவர்க்காரம் விற்றார். ஒன்றும் நிலைக்கவில்லை. 1923 இல் ஹேஸ்டிங்ஸ் நகரிலே, தேயிலைப் பெட்டி, பிஸ்கற் தகரம், தைக்கும் ஊசி, சைக்கிள் விளக்கின் வில்லை ஆகியவற்றைக் கூட்டிக் கட்டி, காட்சியை மின்வழி அனுப்ப முயன்றார். 1926 சனவரி 26 இல், இலண்டன் சோஹோ பகுதியில் 22 ஆம் இலக்க பிரித் வீதி மாடியறையில், ரோயல் இன்ஸ்ரிரியூஷன் என்னும் அறிவியற் கழகத்தின் அங்கத்தவர் ஏறக்குறைய நாற்பதின்மர் முன்னிலையில் மனித முகத்தைத் திரையிற் காட்டினார். அன்று தொட்டு, பிரித்தானிய மக்களுக்குத் தொலைக்காட்சி என்றால் பேயர்ட். பேயர்ட் என்றால் தொலைக்காட்சி. பின்னர் நிகழ்ந்தவற்றில் இப்புகழுக்குப் பெரும் பங்குண்டு என்பதை நேயர்கள் நினைவிற் கொள்வது நன்று.

அவர் கையாண்ட கருவியின் உள்ளமைப்பு எளிது. ஏட்டிலுள்ளதை நாம் ஒரே பார்வையில் வாசிப்பதில்லை. வரி வரியாகவே வாசிக்கின்றோம். காட்சியையும் அவ்வாறே வரிகளாகப் பிரித்து, வரி ஒவ்வொன்றையும் மின்னோட்டமாக்கி அனுப்பி, மறுமுனையில் மீண்டும் வரிகளாக அடுக்கினால் உருவந் தோன்றும். இதற்கென, விளிம்பிலே சுருள்வரிசையாகத் துளைகளிட்ட சுழல்தட்டு ஒன்றினை 1884 ஆம் ஆண்டிலேயே நிப்கோ என்னும் செர்மானிய மாணவர் வகுத்திருந்தார். தட்டுச் சுழலும்போது ஒவ்வொரு துளையும் ஒவ்வொரு வரியை வாசித்துச் செல்லும். பேயர்டின் தட்டில் 30 துளைகள். ஆகவே படத்தில் 30 வரிகள். 1929 முதல் பி.பி.ஸி.யின் வானொலி அனுப்பிகள் வழியாக இப்படங்கள் சோதனை முறையிற் சென்றன. பெற்றுக்கொண்டவர்கள், சிறு சாளரம் போன்ற கண்ணாடியூடே, நியோன் விளக்கின் செந்நிற ஒளியில் ஒரு முகத்தை இனங்கண்டு மகிழ்ந்தனர். ஒரு முகத்துக்கு 30 வரிகள் போதும். ஒரு நாடகக் குழுவுக்கோ ஒரு பந்தாட்டத்துக்கோ அவை போதா.

வரிகளைப் பெருக்கினால் என்ன என்று கேட்கலாம். இங்கேதான் தட்டு தடையாயிற்று. வரிகள் கூடக் கூடத் துளைகள் சிறுக்கவேண்டும். துளை சிறுத்தால் ஒளி குறையும். மழைக்காலத்தில் முற்றமெங்கும் ஓடி, ஒவ்வோரிடத்திலும் ஒரு கணம் சிரட்டையை நீட்டி நீர் பிடிப்பவனுக்கு என்ன கிடைக்கும்? அந்தந்தக் கணத்தில் விழுந்த துளி மாத்திரமே. சுழல்தட்டின் நிலை அதுவே. துளை தன்மேலே படியும் நொடிப்பகுதியில் வந்த ஒளியைத் தவிர, மற்றைய ஒளியெல்லாம் வீணாகும்.

இதற்கு மாற்று வழியை மிட்டில்செக்ஸ் கோட்டத்து ஹேய்ஸ் என்னும் ஊரிலே வேறொரு குழுவினர் தேடிக்கொண்டிருந்தனர். கிராமபோன் தட்டு விற்ற இரு கம்பனிகள் 1931 இல் ஒன்றுசேர்ந்து ஈ.எம்.ஐ. எனப் பெயர்பூண்டன. அதன் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் ஐசக் ஷோன்பேர்க். உருசியப் பேரரசின் ஆட்சியிலிருந்த பின்ஸ்க் நகரிற் பிறந்து, 1914 இல் இங்கிலாந்து வந்தவர். அவருக்குக் கீழே மக்கீ, டெடம், புளும்லைன் முதலிய இளம் பொறியியலாளர் பணியாற்றினர். இவர்கள் ஆக்கிய எமிற்றன் என்னும் கமராக் குழாயிலே சுழல்வது எதுவுமில்லை. ஒளியுணரும் நுண்மணிகள் பரப்பிய தகடொன்று, காட்சியின் ஒளியை இடைவிடாது ஏற்று மின்னேற்றமாகச் சேமிக்கும். இலத்திரன் கற்றை ஒன்று வரிவரியாக வந்து அச்சேமிப்பை வாரிக்கொள்ளும். முற்றம் முழுவதும் சிரட்டைகளை நிரைநிரையாகப் பரப்பிவைத்துவிட்டு, நிறைந்தபின் எடுத்துச் செல்வதை இது ஒக்கும். அமெரிக்காவில் ஸ்வோரிக்கின் ஆக்கிய ஐகொனஸ்கோப்பும் இவ்வினத்ததே. புதிய குழாய் குற்றமற்றதன்று. படத்தின்மீது காரணமின்றி நிழல் படரும்; பொறியியலாளர் அருகிருந்து அதனை ஓயாது திருத்தவேண்டும். எனினும் ஒளியைச் சேமிக்கும் குணம் வேறெதற்கும் இல்லாதது.

1934 மே மாதத்தில் அரசாங்கம், முன்னாள் தபால் மா அதிபராகிய செல்ஸ்டன் பிரபுவின் தலைமையில் விசாரணைக் குழுவொன்றை நியமித்தது. 1935 சனவரியில் வெளிவந்த அறிக்கை, படம் 240 வரிக்குக் குறையாதிருத்தல் வேண்டுமென்றும், பேயர்ட் கம்பனியும் மார்க்கோனி-ஈ.எம்.ஐ. கம்பனியும் இலண்டனில் ஒரே நிலையத்திலிருந்து மாறிமாறித் தத்தம் முறையைக் கையாண்டு காட்டவேண்டுமென்றும் விதந்துரைத்தது. நடுவுநிலைமை மிக்க தீர்ப்பென்றே அது பலருக்குத் தோன்றியது. ஆராய்ந்து பார்க்கின், 240 என்னும் எண் பேயர்ட் கம்பனி முயன்று எட்டக்கூடிய எல்லை. மக்கள் அறிந்த பெயரைப் புறந்தள்ளும் துணிவு குழுவினருக்கு இருக்கவில்லை என்றே கொள்ளவேண்டும்.

ஷோன்பேர்க்கின் குழுவினர் அதுவரை 243 வரிகளிலே பணியாற்றிவந்தனர். குழு வகுத்த எல்லையை அவர்கள் ஏற்கெனவே கடந்துவிட்டனர். அங்கேயே நின்றிருப்பின் எவரும் குறைகூறார். ஆனால் ஷோன்பேர்க் 405 வரிகள் என்று முடிவுசெய்தார். அப்போது அவ்வளவு வரிகளைத் தாங்கும் சுற்றுக்கள் முழுமையாகச் செய்துமுடிக்கப்படவில்லை. செய்ய இயலாதுபோயின் கம்பனியின் முதலீடு முழுவதும் அழிந்திருக்கும். இத்துடன் இன்னொரு நுட்பத்தையும் அவர் சேர்த்தார். பேயர்டின் முறையிலே நொடிக்கு 25 முழுப்படங்கள் மேலிருந்து கீழாக வரையப்படும். கண்ணுக்கு அது மினுங்கித் துடிக்கும். ஈ.எம்.ஐ. முறையிலோ முதலில் ஒற்றை வரிகள், பின்னர் இரட்டை வரிகள் என, திரை நொடிக்கு 50 தடவை ஒளிபெறும். அனுப்பும் செய்தி மிகாமலே மினுக்கம் தணிந்தது. தொலைக்காட்சியின் வரலாற்றிலே மிகத் துணிந்த தீர்மானம் எதுவெனக் கேட்பின் 1935 இல் எடுக்கப்பட்ட இதனையே சொல்லலாம்.

மாளிகையின் தென்கிழக்கு மூலையிலே கம்பனி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கூடம் ஒதுக்கப்பட்டது. ஞாயிறு தவிர்ந்த நாட்களில் பிற்பகல் ஒரு மணித்தியாலமும் இரவு ஒரு மணித்தியாலமும் நிகழ்ச்சிகள். ஒரு வாரம் ஒரு முறை, மறுவாரம் மறுமுறை.

பேயர்ட் கம்பனியின் வாரங்களில் நிகழ்ச்சி அளித்தோர் பட்ட பாடு பெரிது. அறிவிப்பாளர் இருண்ட சிற்றறையொன்றில் அசையாதிருக்க, கூரிய ஒளிப்புள்ளி ஒன்று அவர் முகத்தைத் துழாவும். அவ்வொளிக்கெனத் தனியான முகப்பூச்சு வேண்டும். எதிரேயுள்ள தாளை வாசிக்கவும் வெளிச்சமிராது. பலர் தோன்றும் நிகழ்ச்சிகளுக்கு இடைப்பட முறை எனும் வேறொரு வழி. நிகழ்ச்சியைச் சாதாரண திரைப்படச் சுருளிற் பிடித்து, அச்சுருள் கமராவிலிருந்து நேரே சையனைட்டு முதலிய இரசாயனத் தொட்டிகளூடே சென்று, கழுவப்பட்டு, ஈரமுலராமலே வரிகளாக வாசிக்கப்படும். இவ்வளவும் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் என்பது வியப்புக்குரியதே. ஆனால் தொட்டிகளும் குழாய்களும் பிணைந்த அக்கமரா நிலத்தோடு பொருத்தப்பட்டது. ஓரடி தானும் நகராது. பாடகரை அணுகிக் காட்டவோ ஆடுபவரைப் பின்தொடரவோ அதனால் இயலாது. சுருள் அறுந்தால் நிகழ்ச்சியும் அறுந்தது. அமெரிக்கராகிய பார்ன்ஸ்வேர்த்தின் இலத்திரன் கமராவையும் கம்பனி வாங்கிப் பார்த்தது. அது ஒளியைச் சேமிக்காதது ஆகையால் பெருவெளிச்சங் கேட்டது. முன்னரே எடுத்த திரைப்படங்களை ஒளிபரப்பும் கருவி மட்டும் நன்றாக இயங்கிற்று என்பதையும் நியாயங்கருதிக் கூறவேண்டும்.

எமிற்றன் கமராவோ சக்கரமேறிக் கூடமெங்கும் உலவியது. கம்பித்தொடருடன் மாளிகையின் வெளித்தளத்துக்கும் சென்று, பகலொளியிலேயே தோட்டத்தையும் விலங்குகளையும் காட்டியது. தயாரிப்பாளர் எவ்வாரத்தை விரும்பினர் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பெட்டி வாங்கியோர் நிலையை நோக்குவோம். அக்காலத்துத் தொலைக்காட்சிப் பெட்டி நூறு கினியை அடுத்த விலையுடையது. 1935 இன் பிற்பகுதியில் போட் கம்பனி இங்கிலாந்திலே விற்ற சிறிய மோட்டார் கார் 100 பவுண் மாத்திரமே. மார்க்கோனிபோன், ஹிஸ் மாஸ்டர்ஸ் வொயிஸ், பேயர்ட், கொஸ்ஸோர் எனப் பல பெயர்களிற் பெட்டிகள் கடைக்கு வந்தன. அவற்றுட் சிலவற்றில், படக்குழாய் மிக நீண்டதாகையால் நிமிர்த்தி வைக்கப்பட்டு, மூடியின் உட்புறத்துக் கண்ணாடியிலே தெறித்த படத்தையே வீட்டார் கண்டனர். பெயர்கள் பலவாயினும் யாவற்றுக்கும் பொதுவான அங்கம் ஒன்றிருந்தது. ஒரு முறையிலிருந்து மறுமுறைக்கு மாற்றுவதற்கான ஆளி. 240 வரிக்கும் 405 வரிக்கும் வேறுவேறு வேகத்தில் இயங்கும் சுற்றுக்களை ஒரே பெட்டியில் அடைக்க நேர்ந்தமையால் விலை ஏறியது. பழுதுக்கும் இடம் மிகுந்தது. குழுவின் நடுவுநிலைமைக்குரிய செலவை இவ்வாறு வாங்குவோரே செலுத்தினர். ஒரு வாரம் கடையிற் பார்த்தவருக்குத் தோன்றிய படம் மறுவாரம் அவ்வாறிராது. எம்முறை நிலைக்கும் என்பது தெரியாதபோது நூறு கினியை யார் ஈவர்? ஆண்டு முடிவில் விற்பனையான பெட்டிகள் சில நூறே.

அந்நவம்பர் மாதத்தின் கடைசி நாளிரவு, இலண்டனின் தென்பாகத்திலிருந்த பளிங்கு மாளிகை தீக்கிரையாயிற்று. பேயர்ட் கம்பனியின் ஆய்வுகூடங்கள் அங்கேதான் இருந்தன. கருவிகள் பல சாம்பராயின. இத்தீயே பேயர்டை வீழ்த்தியதென்று கூறுவோர் உளர். அது இரக்கத்திற் பிறந்த கூற்று. தீ மூளாதிருப்பினும் முடிவு மாறியிராது. பேயர்டோ அப்போது தம் பெயர்கொண்ட கம்பனியில் ஆணைசெலுத்தும் நிலையில் இருக்கவில்லை; 1933 முதல் தொழில்நுட்பப் பொறுப்பு பிறர் கைக்கு மாறியிருந்தது. தொடக்கவிழாவில் உரையாற்றியோர் வரிசையிலும் அவர் இடம்பெறவில்லை.

1937 சனவரி 30 இல் பேயர்ட் முறையிலான இறுதி ஒளிபரப்பு நிகழ்ந்தது. பெப்ரவரி தொடக்கத்தில், இனி 405 வரி முறையே கையாளப்படுமென அறிவித்தனர். அவ்வாண்டு மே 12 இல் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் முடிசூட்டு ஊர்வலம் வந்தபோது, ஹைட் பூங்காவின் மூலையிலே எமிற்றன் கமராக்கள் காத்திருந்தன. மழைபெய்த மங்கிய நாளாயிருந்தும் ஊர்வலம் வீடுகளுக்குள்ளே தெரிந்தது. பேயர்டின் ஈரச்சுருளுக்கும் இருட்டறைக்கும் தெருவுக்கு வரும் வலிமை ஏது? இரு முறைகளையும் பிரித்த உண்மையான வேறுபாடு இதுவே. கடைச் சாளரத்திலே இரு படங்களையும் அருகருகே வைத்துக் கூர்மையை ஒப்பிட்டிருப்பின், அசையாத ஒரு முகத்தில் அவ்வேறுபாடு அவ்வளவாகத் தோன்றியிராது. மக்கள் எங்கு வாழ்கின்றனரோ அங்கே செல்லவல்ல கண் எதற்குண்டு என்பதே வினாவாயிருந்தது.

மாளிகையை இழந்த பேயர்ட் கம்பனி, பெட்டி செய்யும் தொழிலைக் கைவிடவில்லை. தன்னை வென்ற முறையின் படத்தைக் காட்டும் பெட்டிகளைத் தன் பெயரிலேயே செய்து விற்றது. 1939 செப்டெம்பர் முதலாந் திகதி, போரின் காரணமாகச் சேவை நிறுத்தப்பட்டபோது, ஏறக்குறைய 20,000 வீடுகளிலே பெட்டிகள் இருந்தன. அதன்பின் அக்கம்பனியும் கடன்காரர் பொறுப்பிற்குச் சென்றது. ஈ.எம்.ஐ. பொறியியலாளரின் திறமை ராடார் ஆராய்ச்சிக்குத் திரும்பியது; புளும்லைன் 1942 யூன் மாதத்தில், ராடார் கருவியொன்றைச் சோதித்துக்கொண்டிருந்த விமானம் வீழ்ந்து, 38 வயதில் இறந்தார். பேயர்ட் தம் கைப்பணத்தைச் செலவிட்டுத் தனியே உழைத்து, சுழலும் பாகம் எதுவுமற்ற வண்ணப் படக்குழாய் ஒன்றை 1944 இல் ஆக்கிக் காட்டினார். சுழல்தட்டோடு பிறந்த மனிதர் சுழல்தட்டை விட்டு நெடுந்தூரம் வந்துவிட்டார். உலகந்தான் அவரைத் தட்டோடே சேர்த்து நினைக்கின்றது. 1946 யூன் 7 இல் தொலைக்காட்சிச் சேவை மீண்டும் தொடங்கிற்று. யூன் 14 இல் அவர் காலமானார்.

மீண்டும் தொடங்கியபோது எத்தனை வரிகள் என்ற கேள்வியும் மீண்டெழுந்தது. ஹான்கி பிரபுவின் தலைமையில் அமைந்த குழு 1945 இல், போருக்கு முன்னிருந்த 405 வரிகளோடே தொடங்கலாம், பின்னர் ஆயிரம் வரியளவில் உயர்த்தலாம் என்றது. கருவிகள் ஆயத்தமாயிருந்தன, பழைய பெட்டிகளை வைத்திருந்தோரையும் கைவிடக்கூடாதல்லவா? ஆயின் பின்னர் என்று சொன்னது எளிதில் வரவில்லை. ஐரோப்பிய நாடுகள் பல 625 வரிகளைக் கைக்கொண்டன. அமெரிக்கா 1941 முதலே 525 வரிகளில் நின்றது. 1953 இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவைப் பிரித்தானியாவிலே இரண்டு கோடி மக்கள் கண்டனர் என்பர். அத்தனைபேர் கண்டதும் 405 வரிகளிலேதான். விற்கப்பட்ட ஒவ்வொரு பெட்டியும் பழைய முறையை மேலும் இறுகக் கட்டியது. 1935 இல் முன்னோடியாயிருந்த எண், இருபதாண்டுக்குள் பின்தங்கிய எண்ணாயிற்று. இதற்கு ஷோன்பேர்க்கைக் குறைகூறுவது அறமன்று. முற்பட்டு விதைத்தவனுடைய நெல் பழைய இனமாகவே இருக்கும். இலங்கையைப் போன்று பிற்பட்டுத் தொடங்கிய நாடுகளுக்கு இச்சங்கடம் நேரவில்லை. 1979 இல் சுயாதீனத் தொலைக்காட்சிச் சேவையும் 1982 இல் ரூபவாஹினியும் வந்தபோது 625 வரிகள் எங்கணும் வழங்கிய முறையாயிருந்தன.

பிரித்தானியாவில் 1964 ஏப்பிரில் மாதத்திலே பி.பி.ஸி.யின் இரண்டாவது சேவை 625 வரிகளில் வெளிவந்தது. பழைய சேவைகள் 405 வரிகளிலேயே தொடர்ந்தன. ஆகவே கடைக்கு வந்த புதிய பெட்டிகளிலே, ஒரு முறையிலிருந்து மறுமுறைக்கு மாற்றும் ஆளி மீண்டும் முளைத்தது. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னிருந்தது போலவே அதற்குரிய விலையும், அதற்குரிய பழுதும் உடன்வந்தன. 1969 இல் ஏனைய சேவைகளும் 625 வரிகளில் வண்ணமாகத் தொடங்கியபின்னும், பழைய பெட்டி வைத்திருந்தோர் பொருட்டு 405 வரி ஒளிபரப்பு நிறுத்தப்படவில்லை. 1962 இல் சேர் பட்டம் பெற்ற ஷோன்பேர்க் மறு ஆண்டு சனவரியில் மறைந்தார். அவர் 1935 இல் தேர்ந்த எண்ணிலே படம் அனுப்பிய கடைசி அனுப்பிகள் 1985 சனவரி மாதத்தில் அணைக்கப்பட்டன.